இல்லாத வீட்டின் வாடகை

மார்ச் மாதம் வந்தால்
வரவு செலவு ஏட்டில் ஒரு வரி தட்டுகிறேன்:
குறைவருமானக் குடியிருப்பு,
கட்டாமல் விட்டவை நானூற்றுப் பன்னிரண்டு.
எதிரே அபராதத் தொகை.
கீழே மேயர் தெலெஸ்த்ராக்கின் கையெழுத்து,
காற்றில் சாய்ந்த பாய்மரம் போல.
உறையின் பசையை நாக்கால் நனைத்து ஒட்டுகிறேன்.
பதினோரு வருடமாக அதே கசப்பு.

மொந்தொரேல், கடல் பார்த்த மலைச்சரிவு ஊர்.
மேலிருந்து பார்த்தால்
யாரோ நீலப் பொத்தான்களைக் கொட்டிவிட்டுப்
பொறுக்காமல் போனது போல நீச்சல் குளங்கள்.
சட்டம் நூற்றுக்கு இருபத்தைந்து வீடு கேட்கிறது.
எங்களிடம் நான்கு.
அதுவும் கல்லறைக் காவலாளியின் அறையைச்
சேர்த்து எண்ணியதில்.

போன அக்டோபரில்,
பழைய டென்னிஸ் மைதானத்துக்குப் பின்னால்
முப்பத்தெட்டு வீடுகள் என்றொரு திட்டம்.
அரங்கு நிரம்பி வழிந்தது. குறிப்பெடுத்தவள் நான்.
வெர்தியே அம்மையார் சைப்ரஸ் மரங்களுக்காகப் பேசினார்.
ஒருவர் சாக்கடைக் குழாயின் விட்டத்தை
மில்லிமீட்டரில் சொன்னார்.
பல்லியைக் கண்டால் செருப்பைத் தேடும் மருந்துக்கடைக்காரர்
அங்கே வாழும் அபூர்வப் பல்லிக்காகக் குரல் தழுதழுத்தார்.
கெட்டவர்கள் இல்லை, இதையும் எழுதியாக வேண்டும்.
என் மகள் பிறந்தபோது
கம்பளிப் போர்வை பின்னித் தந்தவரும் அங்கிருந்தார்.

"எங்களுக்கு அவர்கள்மேல் விரோதமில்லை, ஆனால்..."
நாற்பத்தொரு ஆனால்.
பாதியிலேயே அதற்கொரு குறி வைத்துக்கொண்டேன்:
ஒரு சின்னச் சதுரம்,
நாலு பக்கமும் அடைத்தது.

அவர்கள் என்றால் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.
நாற்காலிகளை மடக்கி அடுக்க
எலியாஸ் சுவரோரம் நின்றான்.
அம்மையாரின் கணவரைத் தினமும் குளிப்பாட்டும் சொக்னா
வாசலில் கோட்டுப் பொத்தானைப் போட்டபடி.
அவளுக்குக் கடைசிப் பேருந்து எட்டு நாற்பது.
வாக்கெடுப்பு ஒன்பதுக்கு.
இருந்திருந்தாலும் அவளுக்கு வாக்கில்லை.
இருபத்துமூன்றுக்கு நான்கு. திட்டம் விழுந்தது.

எனக்கும் வீடு இங்கே இல்லை.
ஒரு மணி பத்து நிமிடம், இரண்டு சுங்கச்சாவடி.
வழியில் மனக்கணக்குப் போடுவேன்.
அபராதத்தை வீடுகளால் வகுத்தால்
தலைக்கு மாதம் நூறு யூரோ.
இந்த ஊரில்
இல்லாத வீட்டுக்கும் வாடகை உண்டு.
கொடுக்கிறார்கள், நாள் தவறாமல்.

அப்படி வாடகை கட்டியாயிற்றே என்று
ஒன்றில் நான் குடியேறிவிட்டேன்.
இருநூற்றுமூன்றாம் எண், இரண்டாம் மாடி.
சமையலறை ஜன்னலில் டென்னிஸ் வலையின் கம்பம்.
அலுவலகம் ஐந்து நிமிட நடை.
மதியம் வந்து
மீந்த சூப்பைச் சூடாக்கிக்கொள்ளலாம்.

பிப்ரவரியில் மூன்று நாள் மழை.
மலைப்பாதை சரிந்தது, பேருந்து நின்றது.
இரண்டாம் நாள் காலை
வெர்தியே அம்மையார் நகராட்சிக்குப் போன் செய்தார்.
கணவர் குளியலறைத் தரையில்,
தன்னால் தூக்க முடியவில்லை,
தீயணைப்பு வண்டியும் சரிவுக்கு அந்தப் பக்கம்.
"பக்கத்தில் யாராவது இருப்பார்களே, மதாம்?
சொக்னா மாதிரி யாராவது?"
முதல் நாள் ஊர் திரும்ப வழியின்றி
அலுவலகச் சோபாவில் படுத்த நான்தான் இருந்தேன்.
போனேன். தூக்கினோம்.
சோப்பு வழுக்கிய அந்த உடம்பு
எதிர்பார்த்ததைவிட லேசாக இருந்தது.

காப்பி கொடுத்தார். நீண்ட நேரம் சைப்ரஸைப் பார்த்தார்.
"அந்த முப்பத்தெட்டு வீடு..." என்றார். "ஆனால்..."
முடிக்கவில்லை.
எந்தப் பக்கம் திரும்பும் ஆனால் அது என்று
எனக்குத் தெரியாது.
கையில் குறிப்பேடும் இல்லை.

இந்த மார்ச்சில் எண் மாறியிருக்கிறது:
நானூற்றுப் பத்தொன்பது.
புதிதாய் வில்லாக்கள் எழும்பியதால்
இல்லாத வீடுகளும் ஏழு கூடிவிட்டன.
உறையை ஒட்டினேன்.
புது ஏழில் ஒன்றை, தரைத்தளம், ஈரமில்லாதது,
சொக்னாவுக்கு ஒதுக்கினேன்
கேட்காமலே.