மைனஸ் பதினெட்டு

முதலில் நீலப் பேனாதான் வைத்திருந்தோம்.
ஈரத்துணியால் ஒற்றினால் போய்விடும்.
தண்ணீர் காட்டுமுன் இஸ்திரி பட்டுவிட்டால்
பழுப்பேறி அங்கேயே குடியிருக்கும்.
போன ஆடியில் அப்படி நாற்பது குயில்ட் கெட்டு
ஒரு வாரம் யாரும் யாரோடும் பேசவில்லை.

பிறகு நல்லசிவம் ஈரோட்டிலிருந்து
புதுப் பேனா ஒரு டப்பா கொண்டுவந்தார்.
"தண்ணியே வேண்டாமுங்க,
சூடு காட்டுனாப் போதும்."
ரஸ்மிதா பேனாவால் கொடி வரைவாள்,
கொடி மேல் தையல் ஓடும்,
என் மேசைக்கு வரும்.
பெட்டியை ஒரு தரம் இழுத்தால்
கொடி இருந்த இடத்தில் தையல் மட்டும்.
ஒரிசாவில் அவள் அம்மாவிடம் போனில் காட்டினாள்,
வித்தைக்காரி மாதிரி, என் கையை.

எங்களுக்கு எப்படித் தெரியும்,
அந்த மை சாகவில்லை,
குளிருக்குக் காத்திருக்கிறது என்று?
வெங்கமேட்டில் குளிர் ஏது.
மார்கழியிலும் மின்விசிறி போட்டுத் தூங்குகிற ஊர்.
சித்திரையில் எங்கள் தகரக் கூரைக்குக் கீழே
இஸ்திரிப்பெட்டியை அணைத்தாலும்
அணைத்த மாதிரி இருக்காது.

தை மாதம் நார்வேயிலிருந்து போட்டோ வந்தது.
ஏதோ கிடங்கு, ஜன்னலில் பனி.
வெள்ளைத் துணி முழுக்க
நாங்கள் அழித்த கொடியெல்லாம்
இலை குறையாமல் எழுந்து நிற்கிறது.

நல்லசிவம் நம்பவில்லை.
ஒரு பீஸை மடித்து என் கையில் கொடுத்து
பைக்கில் ஏறச் சொன்னார்.
பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஐஸ்கிரீம் ஏஜென்சி,
பெரிய பெட்டி, மூடியில் சிவப்பு எண்: மைனஸ் பதினெட்டு.
கோன் அட்டைகளை ஒதுக்கி நடுவில் வைத்தோம்.
அரை மணி நேரம்
ஆளுக்கொரு டீ குடித்தோம்,
அவர் இரண்டு.

எடுத்து விரித்தபோது
முதலில் கொடி.
பிறகு ஓரமாய், மடிப்புக்குக் கொஞ்சம் மேலே
எண்கள்.

குழு 1150
சீட்டு 1000
மளிகை 780
காலேஜ் பஸ் 410

இடுப்பில் கோடு போட்ட அந்த ஏழு
என்னுடையது.
வெள்ளிக்கிழமை சம்பளம் வாங்குமுன்
கைக்கெட்டிய துணியில் எழுதிப் பார்ப்பேன்,
பெட்டியை இழுத்துவிடுவேன்.
காகிதத்தில் எழுதினால்
அது வீட்டுக்குப் போய் யார் கண்ணிலாவது படும்.

2700 வாங்குகிறவளுக்கு 3340 செலவு.
கீழே ஒரு சின்னக் கோடு போட்டு 640.

நல்லசிவம் குனிந்து பார்த்தார்.
உதடு அசைந்தது.
யாருடையது என்று கேட்பார் என நினைத்தேன்.
"கூட்டல் சரியாத்தான் இருக்குது" என்றார்.
துணியை மடித்தார்.

அன்றிலிருந்து முந்நூற்றுப் பன்னிரண்டு பீஸ்.
ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து
சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, உலர்த்தி,
பெட்டியில் வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும்.
பார்க்கிற வேலை எனக்கு.
பஸ் ஸ்டாண்டு வரை டி.வி.எஸ்ஸில் நாலு நடை,
திரும்பி வரும்போது துணி சில்லென்று மடியில்.
ரஸ்மிதா நீலப் பேனாவுக்கே போய்விட்டாள்,
பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர்.

எத்தனை வெள்ளிக்கிழமை,
எத்தனை துணி,
கணக்கு வைக்கவில்லை நான்.
முதல் லோடில் போனவை கடலுக்கு அந்தப் பக்கம்.
ஏதோ வீட்டில் பால்கனியில் மறந்துவிட்ட போர்வையை
காலையில் உதறுகிறவள்
இதென்ன போன் நம்பரா என்று பார்ப்பாள்.
கூப்பிட்டுப் பார்த்தாலும் பார்ப்பாள்.

நேற்று எடுத்த பீஸில்
கொடி இல்லை, எண் இல்லை.
ஓரத்தில் மட்டும், அரை அங்குலம்,
படுக்கையாய் ஏதோ.
நான் அழுத்திப் போட்ட அந்தக் கழித்தல் குறியா,
தையலின் நிழலா,
சாய்த்தும் பார்த்தேன், வெளிச்சத்தில் தூக்கியும்.

கடைப்பையன் கத்தினான்:
"மூடுங்கக்கா,
கோனெல்லாம் இளகுது."