ஒற்றைப்படை வாரங்கள்

வீட்டுக்கு விலை போட்டது நீதிமன்றம்.
சோபாவுக்கும் போட்டது.
முப்பத்திரண்டு வயது டீசல் கோல்ஃபுக்கு
என்னத்தைப் போடுவதென்று நீதிபதியே சிரித்துவிட்டார்.
அதனால் ஒற்றைப்படை வாரங்கள் எனக்கு,
இரட்டைப்படை நெர்மினுக்கு.
ஞாயிறு மாலை ரொட்டிக்கடை வாசலில் வண்டி,
கல்லாவில் இருக்கும் ஷெம்சாவிடம் சாவி.
நாங்கள் பார்த்துக்கொள்வதில்லை.

டூஸ்லாவில் உப்பு மண்ணுக்கடியிலிருந்து வருகிறது.
தோண்டத் தோண்ட ஊரே கொஞ்சம் இறங்கியிருக்கிறது.
டிசம்பரில் உப்பைச் சாலையில் கொட்டுவார்கள்.
மார்ச்சில் அது என் வண்டியின் அடிவயிற்றில்
வெள்ளையாக ஒட்டியிருக்கும்.

தரைத்தளத்து சதேதா
சமையலறை ஜன்னல் வழியாக ரப்பர் குழாயை நீட்டுகிறாள்.
கூலி, ஒரு காப்பியும் முழு விவரமும்.
குப்புறப் படுத்து
சக்கர வளைவுகளுக்குள், சைலன்சர் மேலே, இடுக்கு இடுக்காகப்
பீய்ச்சுகிறேன்.
பிறகு இரண்டு வாளி:
ஒன்றில் சோப்பு, ஒன்றில் வெறுந்தண்ணீர்.
துணியை முதலில் வெறுந்தண்ணீரில் அலசு,
அப்புறம்தான் சோப்பில் முக்கு,
இல்லாவிட்டால் மணலை வைத்துக் கீறுகிறாய்.
இதை நெர்மின் சொன்னது கல்யாணமான முதல் வருஷம்.
அன்று இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.
இன்று இரண்டு வாளியோடு நிற்கிறேன்,
அதில் நீலம் அவனுடையது.

கூரையிலிருந்து கீழே. சக்கரம் கடைசி.
கண்ணாடிக்கு வினிகரும் பழைய செய்தித்தாளும்.
மரண அறிவிப்புப் பக்கம்தான்
கோடு விழாமல் துடைக்கிறது,
ஏனென்று தெரியவில்லை.

டாஷ்போர்டு அறையில் ஒரு நோட்டு இருக்கிறது.
வண்டியைத் தவிர வேறெதுவும் எழுதக் கூடாது.
எட்டாம் வாரம், அவன்:
பேட்டரி முனையில் பச்சை பூத்திருந்தது. சோடா மாவும் பல் பிரஷும் வைத்துத் தேய்த்தேன்.
ஒன்பது, நான்: யாருடைய பல் பிரஷ்?
பத்து, அவன்: பழையது.
பதினொன்று, நான்: பின் டயர் இரண்டிலும் காற்று குறைவு.
பன்னிரண்டில் ஒன்றும் இல்லை.

இது பதின்மூன்று.
பக்கத்து சீட் முன்னால் இழுக்கப்பட்டிருக்கிறது.
யாரோ, கால் குட்டையான யாரோ.
அடியில் வாக்குவம் விட்டால்
சூரியகாந்தி விதைத் தோல், தோல், மறுபடி தோல்.
நெர்மின் விதை கொறிப்பதில்லை.
பாதியில் சிக்கி நின்ற சீட்டின் தண்டவாளத்தில்
கிரீஸ் தடவினேன், நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன்,
பிறகு இருந்த இடத்திலேயே,
அந்தக் குட்டைக் கால்களுக்கே,
நிறுத்திவைத்தேன்.

கதவுகளின் அடி விளிம்பில் சின்னத் துளைகள் உண்டு,
உள்ளே போன மழை வெளியே வர.
சேறு அடைத்துக்கொள்ளும்.
சட்டை மாட்டும் கம்பியை நிமிர்த்தி
வலது கதவில் குத்தினேன்.
செம்பட்டைத் தண்ணீர்
என் ஷூவில் விழுந்தது, விழுந்தது,
நான் காலை எடுக்காமல் நிற்க,
நிற்கவே இல்லை அது.

வளைவுகளில் ஒரு சளப்புச் சத்தம்.
எத்தனை வருஷம் சொல்லியிருப்பேன்.
உன் காதில்தான் என்றான்.
கடலுக்குப் போனபோது கேட்டது,
ஆஸ்பத்திரிக்குப் போய் ஒருவரும் பேசாமல் திரும்பியபோது,
நீதிமன்றத்துக்கு
ஒரே வண்டியில் போனபோதும்.

எழுதினேன்:
வலது கதவிலிருந்து ஒரு லிட்டர் போல வடிந்தது.
சத்தம் கதவில் இருந்தது.
இரண்டாம் வரியை அடிக்கலாமா என்று யோசித்து
பேனாவை மூடினேன்.

பதினைந்தாம் வாரம் வண்டி வந்தபோது
அவன் கையெழுத்து, வழக்கத்தைவிடச் சின்னதாக:
இடது கதவையும் குத்திப் பார்த்தேன். அதிலும் இருந்தது.
அதன் கீழே, வேறு மையில்:
சீட் இப்போது லேசாக நகர்கிறது என்கிறாள்.

பானெட்டைத் தூக்கினேன்.
ஆயில் குச்சியை உருவி, துடைத்து,
மறுபடி உள்ளே விட்டு உருவினேன்.
முதல் தடவை காட்டுவதை
நம்பக் கூடாது.