ஜூன் முப்பத்தொன்று

முனீசுவரன் கோவில் தெருவில்
ஜபருல்லா கடையில் உறைகளுக்கு இரண்டு விலை.
தலை ஒட்டியது ஒன்று இருபது ரூபாய்.
தலை இல்லாதது கிலோ கணக்கு.
'முண்டத்தை எல்லாம் நீங்கதான் வாங்குறீங்க அக்கா'
என்று தராசை என் பக்கம் தள்ளுவார்.

முண்டம்தான்.
ராணி இல்லை, புலி இல்லை.
வலது மூலையில் ஒரு சிவப்புக் கட்டம்,
அதற்குள் காசு, ஊர், தேதி.
பக்கத்தில் கம்பெனிக்காரன் விளம்பரம்,
பெரும்பாலும் குடை அல்லது பிஸ்கோத்து.
எச்சில் படாத கடிதங்கள்.
எவனோ ஒரு குமாஸ்தா கைப்பிடியைச் சுற்ற
மெஷின் கடித்து வைத்த பல்தடம்.

மில் ஆபீசில் பதினாறு வருஷம்
அந்தக் கைப்பிடி என் கையில் இருந்தது.
காலையில் முதல் வேலை
தேதிச் சக்கரத்தை ஊசியால் தள்ளுவது.
டீக்குக்கூட அப்புறம்தான்.

கடிதங்களை நான் படிப்பதில்லை.
உறைக்குள் இருந்தால் உருவி
அங்கேயே வைத்துவிடுவேன்.
பிறத்தியார் வீட்டுக் கணக்கு,
பிறத்தியார் வீட்டு இருமல்.

போன ஆடியில் அது அகப்பட்டது.
ஈப்போவில் ஒரு வட்டிக்கடை. சிவப்பு மங்கி
வெற்றிலைச் சாறாகியிருந்தது.
சேருமிடம் பள்ளத்தூர்.
தேதி, 31 ஜூன் 1954.

பூதக்கண்ணாடியை இரண்டு தரம் துடைத்தேன்.
நாளைத் தள்ளியவன்
மாதத்தைத் தள்ள மறந்திருக்கிறான்.
முப்பதுக்கு அடுத்த பல் முப்பத்தொன்றுதானே,
சக்கரத்துக்கு என்ன தெரியும்?

மார்கழியில் சாத்தப்பன் வந்தார், வக்கீலோடு.
தேவகோட்டை கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்கு.
'பங்கு வேண்டாம்னு பெரியப்பா எழுதின கடுதாசி.
தேதி இருந்த இடத்தைக் கரையான் தின்னுடுச்சு.
ஐயா தவறினது ஜூன் முப்பது, சாயங்காலம்.
அதுக்கு முந்தி எழுதினாரா, பிந்தியா?
உறை உங்ககிட்ட இருக்குதாமே.'

ஆல்பத்தைத் திறந்து காட்டினேன்.

வக்கீல் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்.
சாத்தப்பன் விரல் முட்டிகளில்
ஜனவரியிலிருந்து எண்ணிக்கொண்டு வந்து
பள்ளத்தில் நின்றார்.
'ஜூனுக்கு முப்பதுதானே?'

சக்கரம், ஊசி, பல், எல்லாம் சொன்னேன்.
'அப்போ ஜூலை ஒண்ணு' என்றார் வக்கீல்.
'இல்லை, மே முப்பத்தொன்றாகவும் இருக்கலாம்,
மாதத்தை முந்தியே தள்ளியிருந்தால்.'
ஏன் சொன்னேனோ.
உறையைத் திருப்பினோம்.
பள்ளத்தூர் வட்ட முத்திரை
பாதி உறையில், பாதி காற்றில்.
மாதம் காற்றில்.

'இதைக் கொண்டுபோனா எதிர்க்கட்சி சிரிப்பான்.'
வக்கீல் எழுந்துவிட்டார்.
சாத்தப்பன் எழவில்லை.
சிவப்புக் கட்டத்தை விரலால் தொடப்போய்
தொடாமல் எடுத்தார்.
'அன்னைக்கு அவருக்குத் தந்தி போச்சான்னு
யாருக்குமே தெரியாதுங்க' என்றார்,
என்னிடம் இல்லை.

எனக்கும் ஒரு தடவை அந்தத் தப்பு நேர்ந்தது.
நூற்றுப்பத்து உறைகள், நவம்பர் முப்பத்தொன்று.
மேனேஜர் எல்லாவற்றையும் கிழிக்கச் சொன்னார்.
கிழித்தேன்.
ஒன்றை மட்டும் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.
ஆல்பத்தின் முதல் பக்கம் அதுதான்.

செய்தி கடைக்கும் போயிருக்கிறது.
இப்போது ஜபருல்லா தராசை எடுப்பதில்லை.
'கோர்ட்டு வரைக்கும் கேக்குற சாமான்,
முண்டம் ஒண்ணு முப்பத்தஞ்சு.'

நேற்று நாலு வாங்கினேன்.
நாலிலும் தேதி சரியாகவே இருக்கிறது.