ஒன்பதாம் எண் எந்திரம்

லொரேன், ஒஹாயோ. தொண்ணூற்றிரண்டு, பிப்ரவரி.
ஏரி உறைந்து கிடந்தது.
எஃகு ஆலையின் புகைபோக்கிகளில்
ஒன்றுதான் இன்னும் மூச்சு விட்டது.

டாமரிஸ் ஒகாசியோவுக்கு
சலவைக்கடையில் இரவு வேலை.
அங்கே ஒன்பதாம் எண் எந்திரத்துக்கு ஒரு கால் குட்டை.
ஈரத்துணி கனத்தால் நொண்டும்:
மூன்று, பிறகு நான்கு. மூன்று, பிறகு நான்கு.
தகிட தகதிமி என்று அவளுக்கு
யாரும் சொல்லித் தந்ததில்லை.
மடித்த துண்டுகளின்மேல் விரலால் தட்டித் தட்டி
விடியும்வரை அந்த நொண்டலைப் பழகினாள்.

பாட்டு முதலில் அவ்வளவுதான்.

ஹ்ரோவாட் வீட்டு நிலவறையில்
கொதிகலனுக்கும் உருளைக்கிழங்கு மூட்டைக்கும் நடுவே
டிரம்ஸைப் போட்டாள்.
ஸ்டான் ஹ்ரோவாட் கித்தாரின் இரண்டு தந்திகளைக்
கழற்றி எறிந்தான். மிஞ்சியவற்றை
ஒன்றோடொன்று ஒட்டாதபடி முறுக்கினான்.
"அழகா இருக்கவே கூடாது."
இருந்தது, பல்லில் தகரம் உரசும் அழகு.
பேஸ் வாசித்த கெய்ல் ஒரே சுரத்தில் நின்றாள்,
பேருந்து வராத நிறுத்தத்தில் நிற்பவளைப்போல.

சொற்களுக்கு,
எரிவாயு நிறுவனத்தின் இறுதி அறிவிப்பு.
நெவின் அதைப் பாடவில்லை, வாசித்தான்.
நிலுவைத் தொகை. கணக்கு எண். கடைசித் தேதி.
கொட்டாவி கலந்த குரல்.
இரண்டாம் முறை கொஞ்சம் தடித்தது.
மூன்றாம் முறை
"அன்புள்ள வாடிக்கையாளரே"யில்
தொண்டை கிழிந்தது.
கத்தினால் கோபம் என்கிறோம்.
அவனுக்கு அது குளிர்.

ஃபியூஸ் போயிற்று.

கித்தார் செத்தது, பேஸ் செத்தது, விளக்கும்.
தோலுக்கு மின்சாரம் வேண்டாம்;
இருட்டில் டாமரிஸ் நிறுத்தவில்லை.
கடிதம் கண்ணுக்குத் தெரியாத நெவின்
கணக்கு எண்ணை மனப்பாடமாகச் சொன்னான்,
மைக் இல்லாமல், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல.
பேட்டரியில் ஓடிய கேசட் ரெக்கார்டர்
எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டது:
வேலை போன ஸ்டானின் அப்பா
ஸ்லோவீனிய மொழியில் திட்டியபடி
படியிறங்கும் செருப்புச் சத்தம் உட்பட.

அவர் ஃபியூஸை மாற்றினார்.
அணைக்க மறந்த ஆம்ப்ளிஃபயர்கள்
ஒரே நேரத்தில் விழித்தன.

முந்நூறு கேசட்டுகள் போட்டார்கள். அதில் நாற்பது
கெய்லின் கார் டிக்கியிலேயே வளைந்துபோயின.
பின்னால் வந்த குழுக்கள்
அந்த அமைதியை எண்ணி எழுதினார்கள்,
இத்தனை சுற்று, பிறகு வெடிப்பு.
நன்றாகவே செய்கிறார்கள்.
செருப்பு மட்டும் யாருக்கும் வாய்க்கவில்லை.

ஏப்ரலில் கடை முதலாளி
எந்திரத்தின் குட்டைக் காலுக்கு
ஒரு மரத்துண்டைச் செருகினார்.
அன்றிரவே டாமரிஸ்
அதை எட்டி உதைத்தாள்.