தகரக் கதவு

எட்டுக் குளிர்காலம்
சரக்குப் பெட்டிக்குள் குடியிருந்தோம்.
ரயிலில் வந்த இரும்புப் பெட்டி.
பக்கவாட்டில் ரஷ்ய எழுத்தில் ஓர் எண்,
அதுதான் முகவரி.

கியூம்ரியில் அப்போது
கதவைத் தட்டினால் கூரை வரை அதிரும்.
அதிர்ந்தால் ஓடுவோம்,
ஒற்றைச் செருப்போடு,
கைக்குக் கிடைத்ததை அள்ளிக்கொண்டு.
ஒருமுறை நான் அள்ளிக்கொண்டு ஓடியது
ஒரு வெங்காயம்.

டிசம்பர் ஏழு. பதினொன்று நாற்பத்தொன்று.
வாஹே மூன்றாம் வகுப்பு, இரண்டாம் மாடி.
இதற்குமேல் அந்த நாளைப் பற்றி
எழுதப்போவதில்லை.

வந்தார்கள்.
வந்தவர் ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் இருந்தது.
சிமெண்டில் மணல் அதிகம் என்றார் பொறியாளர்.
கோவிலைக் கிடங்காக்கிய ஊருக்கு
வேறென்ன சம்பளம் என்றாள் நாத்தனார்.
பொன்னைப் புடமிடுகிறார் என்றார்
தூரதேசத்திலிருந்து போர்வை கொண்டுவந்த நல்ல மனிதர்.
மொழிபெயர்த்த பெண்
என் முகத்தைப் பார்த்துவிட்டுப்
பாதி வாக்கியத்தில் நிறுத்திக்கொண்டாள்.
ஜெபத்தில் அவள் பெயர் தெரியாமலே
அவளைச் சொல்லுகிறேன் இன்றும்.

போர்வை நல்ல போர்வை.

அர்பெனிக் தட்டவில்லை.
விரல்நகத்தால் தகரத்தைச் சுரண்டினாள்,
பூனை சுரண்டுவதுபோல.
அவள் வீட்டில் இரண்டு பேர் போயிருந்தார்கள்.
உள்ளே வந்து உருளைக்கிழங்கைப் பார்த்தாள்.
கத்தி எங்கே என்றாள்.
தோல் அறுபடாமல் ஒரே சுருளாய் இறங்கியது.
அந்த வாரம் முழுக்க
நான் கண்ணால் பார்த்த ஒரே பொருள் அது.
எழுந்து போகையில் சொன்னாள்,
"நாளைக்கு."

யோபின் சிநேகிதர்களை எல்லோரும் ஏசுகிறார்கள்.
நான் ஏசமாட்டேன், ஏழாம் நாள் வரைக்கும்.
இரவும் பகலும் தரையில்
அவனோடு உட்கார்ந்திருந்தார்களே,
ஒரு வார்த்தை பேசாமல்!
பிறகுதான் வாயைத் திறந்தார்கள்.

நானும் கர்த்தரோடு பேச்சை நிறுத்தியிருந்தேன்.
சண்டை என்று சொல்ல முடியாது,
சண்டைக்கு இரண்டு பேர் பேச வேண்டும்.
விரிசல் விட்ட கோவிலில் மெழுகுவர்த்தி வாங்குவேன்,
ஏற்றாமல் பைக்குள் போட்டுக்கொள்வேன்.
மின்சாரம் இல்லாத வருஷங்கள்.
பீடத்துக்குரிய வெளிச்சத்தில்
காலுறை தைத்தேன்.
உறுத்திய ஒரு நாள்
குருவானவர் எஸ்னிக்கிடம் ஒப்புக்கொண்டேன்.
"எத்தனை ஜோடி?" என்று கேட்டார்.
அடுத்த வாரம்
கிழிந்த தன் காலுறையைக் கொண்டுவந்தார்.

அவர் வாசலில் நின்று தட்டுகிறார் என்று
சிறுவயதில் சொல்லித் தந்திருந்தார்கள்.
காது கூர்ந்து கிடந்த இரவுகளில்
தட்டல் கேட்டதே இல்லை.
வரவில்லை என்று எழுதி வைத்தேன் கணக்கில்.
ஆனால்
பாறைகள் பிளந்த பிற்பகல் ஒன்று
அவருக்கும் உண்டு.
அதிர்வுக்குப் பயந்தவள் வீட்டில்
அவர் எப்படித் தட்டியிருப்பார்?

பதிலாக இதை நான் சொல்லவில்லை.
சுரண்டல் சத்தம் கேட்டால்
இப்போது எழுந்து பார்க்கிறேன், அவ்வளவுதான்.
பெரும்பாலும் பூனை.

பிறகு ஒரு செப்டம்பரில்
ஸ்தெபானகெர்ட்டிலிருந்து
கார்களின் தலையில் மெத்தை கட்டி வந்தார்கள்.
எதிர்வீட்டில் இறங்கியவள் சிரானுஷ்.
மூன்று பேருக்குத் தட்டு வைத்து
ஒரு தட்டில் சாப்பிடுகிறவள்.
எங்கள் கதவுகள் இப்போது மரம்,
ஆனாலும் நகத்தால் சுரண்டினேன்.

"நீங்கள் எப்படித் தாங்கினீர்கள்?"
முப்பத்தைந்து வருஷம் இருந்தது
எனக்கு அந்தப் பதிலைத் தயார் செய்ய.
கத்தி எங்கே என்றேன்.

அர்பெனிக்கின் கை எனக்கு வாய்க்கவில்லை.
என் தோல் துண்டு துண்டாகத்தான் விழும்.
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பொறுக்க முடியாமல்
கத்தியைப் பிடுங்கிக்கொண்டு சொன்னாள்,
"பாதிக் கிழங்கைத் தோலோடு எறிகிறீர்களே."