கதிரைக் காசு

புடவைக் கடையில் எங்களுக்குக் கதிரை இல்லை.
வாடிக்கையாளருக்கு உண்டு,
அவர்களின் கைப்பைகளுக்கும் உண்டு.
காலை ஒன்பதரையிலிருந்து நிற்கிறேன்.
சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம்.
காலி வீதியைக் கடந்து, எஸ்கலேட்டர் பழுதென்றால் படியேறி,
போக நாலு நிமிடம், வர நாலு.
மிச்சம் இருபத்திரண்டு.

மூன்றாம் மாடி ஃபுட் கோர்ட்டில்
ஒன்றும் வாங்காமல் இருந்தால்
காவலாளி பக்கத்தில் வந்து தொண்டையைச் செருமுவார்.
ஆகவே விலைப்பலகைகளைச் சுற்றிச் சுற்றிப் படித்தேன்.
பிரியாணி எண்ணூற்றைம்பது. கொத்து எழுநூற்றி இருபது.
கழிவறைக்குப் போகும் வழியில், மூலையில்,
கொரியாக் கடை.
தொக்பொக்கி, சின்னது, நானூற்றி எண்பது.
இதைவிட மலிவாக இருக்க
அந்தக் கட்டடத்தில் இடமே இல்லை.

முதல் நாள் பார்த்ததும்
உள்ளுடன் வைக்க மறந்த கொழுக்கட்டை என்றுதான் நினைத்தேன்.
விரல் நீளம், வெள்ளை அரிசிமா,
மேலே பொல்லாத சிவப்பு.
உறைக்கும் என்று வாயைத் தயார் பண்ணினால்
முதலில் வந்தது சீனி.
உறைப்பு பிறகு, கடன்காரனைப் போல,
நான் எழும்பும் நேரம் பார்த்து வந்தது.
பரவாயில்லை.
ஒரு துண்டை மெல்ல ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது.
சோறு இப்படி இல்லை. அது அவசரக்காரரின் சாப்பாடு.
ஒரு கோப்பையில் பதினாலு துண்டு.
எண்ணியிருக்கிறேன்.

சமைக்கிறவன் உபுல்.
குளியாப்பிட்டிக்காரன். ஆறு வருடம் கிம்ஹேயில்,
கதவுப் பிணைச்சல் செய்யும் தொழிற்சாலையில்.
இருந்து செய்கிற வேலையா, நின்றா, என்று கேட்டேன்.
“நின்றுதான் அக்கா, நின்றுதான்.”
தெரிந்த கொஞ்சத் தமிழை இரண்டு தரம் சொன்னான்.
அதன் பிறகு எனக்குப் பதினைந்து துண்டு.
அதைப் பற்றி இருவரும் கதைத்ததில்லை.

கிம்ச்சிக்கு நுவரெலியாக் கோவா.
கொச்சிக்காய்த்தூள் மட்டும் அங்கிருந்து வருகிறது.
நம்முடையதற்குக் கோபம் அதிகமாம்.
அடுப்புக்கு மேல் சாய்த்து வைத்த ஃபோனில்
எப்பவும் கிம்ஹேயின் காலநிலை.
பம்பலப்பிட்டி தார் இளகும் மத்தியானத்தில்
அங்கே சைபருக்குக் கீழே நாலு.
அதைப் பார்த்துப் பார்த்துக் கிண்டுவான்,
அடுப்பில் பாலை விட்டுவிட்டு வந்தவன் போல.

பக்கத்து மேசையில் இன்டர்நேஷனல் ஸ்கூல் பிள்ளைகள்.
கோப்பையை மூன்று பக்கமும் திருப்பிப் படம் எடுப்பார்கள்,
பாதியில் எழும்பிப் போவார்கள்.
மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய் தொடாமலே கிடக்கும்.
ஒரு தரம், ஒரே ஒரு தரம்,
கை நீட்டி இரண்டு வட்டம் எடுத்தேன்.
நல்ல புளி.
முகுந்தினி கண்டுவிட்டாள் என்று நினைத்து
பின்னேரம் முழுக்க
காஞ்சிபுரம் கேட்டு வந்தவர்களை அவளுக்கே விட்டுக்கொடுத்தேன்.
அவள் கண்டிருக்கவில்லை.

மாசிக்குப் பிறகு விலைக்கு மேல் ஸ்டிக்கர்.
ஐந்நூற்றி அறுபது.
நகத்தால் ஓரத்தைக் கிளப்பினால் நானூற்றி எண்பது,
அதற்குக் கீழே முந்நூற்றைம்பது,
அதற்கும் கீழே, பசையில் அழிந்த ஏதோ ஓர் இலக்கம்.
யாரோ அந்த விலைக்கும் இங்கே இருந்திருக்கிறார்கள்.
இருபத்திரண்டால் பிரித்துப் பார்த்தேன்.
நிமிடத்துக்கு இருபத்தைந்து ரூபாய் சொச்சம்.
பஸ்ஸில் இருப்பது இதைவிட மலிவு.
ஆனால் பஸ்ஸிலும் நான் நிற்கிறேன்.

இந்தக் கிழமை அடுப்படியில் வேறொரு பெடியன்.
உபுல் எங்கே என்றேன்.
“அவர் போயிட்டார்” என்று
கரண்டியால் மேலே காட்டினான்.
எனக்குக் கை விறைத்தது.
“பிளேன்ல, அக்கா. கொரியாவுக்கு.”

கோப்பையில் பதினாலு.
சரி, அதுதானே கணக்கு.
ஃபோனில் கிம்ஹே என்று அடித்தேன்,
எழுத்துப் பிழையோடு. அதற்கு விளங்கியது.
மழை. பதினொரு பாகை.
அங்கே இப்போது பின்னேரம் நாலே முக்கால்,
நின்றுகொண்டிருப்பான்.

மேசைக்கடியில் செருப்பைக் கழற்றி விட்டேன்.
எட்டாவது துண்டு.
மெல்ல மெல்லுகிறேன்.