அரை மெகாபைட்டில் யாருக்கு இடம்

ஐநூற்றுப் பன்னிரண்டு கிலோபைட்.
அதற்குள் எல்லாம் அடங்கியாக வேண்டும்,
பெரம்பூரில் எங்கள் ஒற்றைப் படுக்கையறை போல.
பீரோ உள்ளே வந்தால் கட்டில் நகரும்.

ரிச்சி தெரு இரண்டாவது சந்தில்
விசைப்பலகை பழுத்துப்போன இந்த அமிகாவை
நாலாயிரத்துக்குத் தள்ளிவிட்ட சர்புதீன்
கொசுறாக மூன்று பிளாப்பி கொடுத்தார்.
"ஷெல்லுக்கு மேல போடுற சாமான் மேடம்.
மூணும் சேர்ந்து ஏறாது.
ஒண்ணப் புடிச்சுக்குங்க."

முதல் வட்டு ஞாபகம்.
மேலம்பை அழுத்தினால் சற்றுமுன் சொன்னது வரும்,
அதற்கு முன் சொன்னது,
அதற்கும் முன்.
ஒரே ராத்திரியில் தெரிந்துபோயிற்று,
நான் இட்ட நாற்பது கட்டளையில் பதினேழு
ஒரே எழுத்துப் பிழையோடு
ஒரே சொல்.
இதைச் சேர்த்துவைக்கவா எட்டு கிலோபைட்?

இரண்டாவது, முடித்துவைக்கும்.
இரண்டெழுத்து தட்டி டேப்பைத் தொட்டால்
மிச்சத்தை அதுவே எழுதிக்கொள்ளும்.
"இதையே வச்சுக்கோ" என்றான் இன்பசேகரன்,
பதினோரு வருஷமாக
என் வாக்கியங்களை முடித்துவைப்பவன்.
"மழை வர்றாப்ல இருக்கு, மாடியில" என்று நான் இழுத்தால்
"துணியெல்லாம் எடுத்தாச்சு" என்பான்.
மாடியில் நாய் குட்டி போட்டிருக்கிறது
என்பதைச் சொல்ல அன்றைக்கு எனக்கு
இரவுச் சாப்பாடு வரை ஆயிற்று.

ஷெல்லும் அதே குணம்.
சீட்டு ஒன்று என்று நான் நினைக்க
சீட்டுப் பன்னிரண்டு என்று அது முடிக்க
பார்க்காமல் அழித்தேன்.
ஆடி மாசத்துக் கணக்கு மொத்தமும் போனது.
இன்னும் பன்னிரண்டு வீட்டுக் கதவைத் தட்டி
"நீங்க குடுத்துட்டீங்கதானே?" என்று
கேட்டுக்கொண்டிருக்கிறேன்.
எல்லோரும் கொடுத்துவிட்டார்களாம்.

மூன்றாவதை நான் பெரிதாக மதிக்கவில்லை.
சுருக்குப் பெயர் வைக்கும், அவ்வளவுதான்.
கூடவே அடிக்கடி கூப்பிடும் கட்டளைகளை
உள்ளேயே குடிவைக்கும்.
அது இல்லாதபோது
பட்டியல் காட்டு என்றால்
அந்த வட்டைப் போடு, இந்த வட்டை எடு என்று
தாலுகா ஆபீஸ் கிளார்க் மாதிரி
ஜெராக்ஸுக்கு அலையவிடும் இந்த ஒற்றை டிரைவ்.

இருபத்தொன்பது சி-யில் நின்றுகொண்டே வேலைக்குப் போன காலையில்
கண்டக்டர் "ஜெமினி, ஜெமினி எறங்கு" என்றார்.
அங்கே ஸ்டுடியோ இல்லை.
பாலத்துக்கு வேறு பெயர், பலகையில் இருக்கிறது.
ஆனாலும் இறங்க வேண்டிய ஒன்பது பேரும்
சரியான இடத்தில்தான் இறங்கினார்கள்.
செண்ட்ரலும் அப்படித்தானே,
முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள்
ஷேர் ஆட்டோ போய்விடும்.

செவ்வாய் இரவு ஜமாலியா பக்கம்
டிரான்ஸ்பார்மர் வெடித்தது.
நினைவில் இருந்த எல்லாமும் போயின,
குடிவைத்த கட்டளைகள் உட்பட.
கரண்ட் வந்து வட்டைப் போட்டதும்
தொடக்கக் கோப்பில் நான் எழுதிவைத்த ஏழு வரியை
அது கரகரவென்று படித்தது,
ஏழு சுருக்குப் பெயரும் வந்து உட்கார்ந்தன.
எனக்கு அது போதும் என்று பட்டது.
மற்ற இரண்டு வட்டையும்
கேஸ் புத்தகத்துக்கு அடியில் வைத்தேன்.
எறியவில்லை. சர்புதீனுக்குச் சொல்ல வேண்டாம்.

நேற்று இன்பசேகரன் உட்கார்ந்து
'சீ' தட்டி, டேப் தட்டி, காத்திருந்தான்.
நீலத் திரையில் ஆரஞ்சுக் கட்டம்
சும்மா நின்றது.
மறுபடி தட்டினான்.
"முழுசா அடிக்கணும்" என்றேன்.
ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாய்,
நடுவில் ஒருமுறை அழித்து
கடைசிவரை அடித்தான்.

வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது.
"மாடியில" என்றேன்.
திரும்பிப் பார்த்தான்.
வாயைத் திறந்தான், மூடினான்.
"ம், சொல்லு."